ஐயாயிரத்துக்கு இன்னும் அறுபத்தொன்பது

சிதம்பரம்
13-2-2025

அன்புத் தம்பி செம்பியனுக்கு,

அக்கா பவானி எழுதுவது. நான் நலம். நீ எப்படி இருக்கிறாய்? சத்யாவுக்கு முதுகுவலி தேவலையா? குளிர் நாளில் உன் கடையின் சிமெண்டுத் தரையில் அவளை உட்காரவிடாதே.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தின் ஸ்கோர் தாள் நேற்று வந்தது. அதற்கு முன்பே உங்கள் கேப்டன் அருண்பாண்டியன் அதைப் போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்பி, "இதுவே போதும்லக்கா? எதுக்கு தபால் செலவு?" என்று கேட்டான். அவனிடம் சொல்லிவை. 2019-ல் ஒரு போட்டோவை நம்பி ஒன்றை ஏழு என்று எழுதிவிட்டேன். ராபர்ட் அடிக்காத அந்த ஆறு ரன்னைக் கண்டுபிடித்து எடுக்க இரண்டு மாதம் ஆயிற்று. கெடிலம் லெவனின் ரெக்கார்டு நோட்டில் ஏற வேண்டுமென்றால் இரண்டு பக்க ஸ்கோரர்களும் கையெழுத்துப் போட்ட தாள் என் கைக்கு வர வேண்டும். கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறவளுக்கு இந்தப் பிடிவாதம்கூட இல்லாவிட்டால் எப்படி?

எனக்குக் கல்யாணமாகி இங்கே வந்த வாரம் நீ அனுப்பிய முதல் தாளின் பின்பக்கத்தில், "அக்கா, அங்க சாப்பாடு எப்படி?" என்று ஒரு வரி இருந்தது. இருபத்திரண்டு வருடமாக முன்பக்கம் அணிக்கு, பின்பக்கம் நமக்கு. அவர் ஞாயிறுதோறும் பஸ் ஏறி வந்து உன்னோடு ஆடிய காலத்திலும் தாளை அவரிடம் கொடுத்தனுப்ப மாட்டாய். ஒருமுறை அதில் பஜ்ஜி மடித்துச் சாப்பிட்டுவிட்டாரே.

இந்த ஆட்டத்தில் நீ அடித்த 22-ஐச் சேர்த்து உன் மொத்தம் 4,912 ரன். ஐயாயிரத்துக்கு இன்னும் 88. செப்டம்பரில் அவர் போனதிலிருந்து நான் மைதானத்துப் பக்கம் வரவில்லை. நீ ஐயாயிரம் தொடும் ஞாயிறு வருகிறேன். அதுவரை கூப்பிடாதே.

ஞாயிறு மாலைகள்தான் நீளமாக இருக்கின்றன. தாள் வந்த வாரம் பரவாயில்லை, நோட்டை எடுத்து உட்கார்ந்துவிடுவேன்.

அன்புடன்,
அக்கா

கடலூர்
17-3-2025

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பியின் வணக்கம். இங்கே நாங்கள் நலம். சத்யாவின் முதுகு பரவாயில்லை, வாய்தான் அதிகமாகிவிட்டது. நீ வேளைக்குச் சாப்பிடு. இரவில் வெறும் பிஸ்கட் தின்றுவிட்டுப் படுக்கிறாயாமே? சத்யா போனில் கேட்டு வந்து சொன்னாள்.

நேற்றைய ஆட்டத்தின் தாள் இதுதான். மேல்பட்டாம்பாக்கத்தோடு. தோற்றோம். நான் 19. அருண்பாண்டியன் என்னோடு தொடக்கம் ஆடினான். நடுப் பிட்சில் வந்து நின்றுகொண்டு எனக்குப் பாடம் நடத்தினான்.

"அண்ணே, ஒன்னு ஒன்னா எடுத்துக்கினு இருந்தா எப்பண்ணே? ஸ்ட்ரைக் ரேட்டப் பாருண்ணே."

"டேய், நீ பொறக்குறப்பவே நான் நானூறு ரன்னு அடிச்சிட்டேன்டா."

"அதான்ணே சொல்றேன், அப்ப அடிச்சதையே இப்பவும் அடிக்கிறீங்க."

ராபர்ட் தன் எலெக்ட்ரிக் கிட்டாரைக் கடையில் போட்டுவிட்டுப் போயிருக்கிறான். ஈஸ்டருக்குள் வேண்டுமாம். அடங்காத இரைச்சல். கம்பியின் அதிர்வைப் பிடிக்கிற பிக்கப் ஒற்றைச் சுருளாக இருந்தால் அது கூடவே பிறந்தது. இரட்டைச் சுருளில் ஒன்றின் இரைச்சலை இன்னொன்று அடித்துவிடும். ஆனால் சத்தத்தின் கூர்மை கொஞ்சம் மழுங்கும். நான் எப்போதும் ஒற்றைச் சுருள் கட்சி. இரைச்சலைப் பொறுத்துக்கொள்ளத் தெரியாதவன் வீணை வாங்கட்டும்.

நம் அணியை ஒரு இசைக்குழுவாக வைத்து ஒரு கணக்கு போட்டேன். அருண்பாண்டியன் டிஸ்டார்ஷன் பெடல். மிதித்தால் ஊரே கேட்கும், தப்பு எதுவும் வெளியே தெரியாது. ராபர்ட் ரிதம். ஒரு பக்கத்தை நிதானமாகப் பிடித்து நிற்கிற தொடக்க ஆட்டக்காரர் பேஸ் கிட்டார். வாசிக்கும்போது யாரும் கவனிக்க மாட்டார்கள், நிறுத்தினால்தான்

இடமில்லை அக்கா, முடிக்கிறேன்.

தம்பி செம்பியன்

சிதம்பரம்
22-3-2025

அன்புத் தம்பிக்கு,

நலம். பிஸ்கட் விஷயத்தைச் சத்யாவிடம் சொன்னது என் தப்பு. இப்போது இரண்டு தோசை சுட்டுக்கொள்கிறேன், போய்ச் சொல்.

19 சேர்த்து 4,931. இன்னும் 69.

ஸ்ட்ரைக் ரேட் பற்றி உன் கேப்டனிடம் இதைச் சொல். அவனுக்குக் கடைசிப் பன்னிரண்டு ஆட்டத்தில் ஐந்து முட்டை. ஒரு நாள் எழுபது, மறுநாள் முட்டை என்றால் சராசரி அழகாகத்தான் இருக்கும். அந்த முட்டை விழுகிற நாளில் எதிர்முனையில் யார் நின்றார்கள் என்று எந்தக் கணக்கும் சொல்லாது. என் பாடத்தின் பெரிய ஓட்டை அது. வகுப்பில் சொல்லிக்கொள்வதில்லை.

இன்னொரு ஆராய்ச்சியும் செய்தேன். நீ கிட்டாரைப் பற்றி அரைப் பக்கத்துக்கு மேல் எழுதிய ஆட்டங்களில் உன் சராசரி 14. எழுதாத ஆட்டங்களில் 27. கிட்டாரைக் குறை.

இடமில்லை என்று முடித்திருந்தாய். பின்பக்கத்தில் பாதி காலியாகத்தான் இருந்தது.

அக்கா பவானி

கடலூர்
28-4-2025

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நாங்கள் நலம். நீயும் அப்படியே இருக்க வேண்டும். வெயில் கொளுத்துகிறது. கல்லூரிக்குக் குடை இல்லாமல் போகாதே.

ஒரு மாதம் தாள் அனுப்பவில்லை. கோடைக் கச்சேரிகள், ஆண்டு விழாக்கள் என்று கடையில் ஆம்ப்ளிஃபயர் குவிந்துவிட்டது. உட்கார இடமில்லை, நின்றுகொண்டே பற்றவைக்கிறேன்.

இது நேற்றைய ஆட்டம். கம்மாபுரத்தோடு. அவர்கள் 118, நாங்கள் 121. நான் 6. நல்ல ஆட்டம்தான்.

ராபர்ட்டின் கிட்டார் முடிந்தது. பிக்கப்பை மாற்றவில்லை, உள்ளே செம்புத் தகடு ஒட்டினேன். இரைச்சல் முக்கால்வாசி போயிற்று. மீதி கால்வாசியை அவன் சகித்துக்கொள்வானாம்.

தம்பி

சிதம்பரம்
5-5-2025

அன்புத் தம்பிக்கு,

நலம். குடை எடுத்துக்கொண்டு போகிறேன். நீயும் தலையில் துண்டு போட்டுக்கொண்டு ஃபீல்டிங் செய்.

தாளைப் பார்த்தேன். 4,937 ஆகிறது. ஒரு சந்தேகம். இரண்டு இன்னிங்ஸிலும் ஒரு வைடுகூட இல்லை. டென்னிஸ் பந்தில், கடல் காற்றில், நம் பௌலர்களை வைத்துக்கொண்டு, வைடே இல்லாமல் நாற்பது ஓவரா? என் நோட்டில் இன்னிங்ஸுக்குச் சராசரி பதினொன்று. ராபர்ட் ஒருவனே நாலு போடுவான். ஸ்கோரர் எழுத மறந்துவிட்டானோ? கேட்டுச் சொல்.

ஐயாயிரத்துக்காக ஒரு புடவை எடுத்து வைத்திருக்கிறேன். சிரிக்காதே. எங்கும் போகாமல் எட்டு மாதமாயிற்று. உடுத்திக்கொண்டு போக ஒரு இடம் வேண்டியிருக்கிறது.

அக்கா

கடலூர்
9-6-2025

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். இங்கே எல்லோரும் சுகம். கல்லூரி திறந்துவிட்டதா? கால் வீக்கம் வற்றியதா?

வைடு விஷயம் நீ சொன்னதுதான். ஸ்கோரர் புதுப்பையன், மறந்துவிட்டான். கண்டித்துவிட்டேன். இதோடு இரண்டு தாள் இருக்கிறது. மே 25-ல் நான் 9, நேற்று 4. வைடெல்லாம் ஒழுங்காக எழுதியிருக்கிறது, பார்த்துக்கொள்.

ஐபிஎல்லில் சென்னை கடைசி இடத்தில் முடித்ததைப் பற்றி நீ ஒன்றும் எழுதவில்லையே. நான் மூன்று நாள் டிவி பக்கம் போகவில்லை. பெங்களூரு கோப்பையை வாங்கிவிட்டான். பதினெட்டு வருடம் காத்திருந்து வாங்கியவனைத் திட்ட மனம் வரவில்லை. நம் தெரு முனையில் ஒரு பையன் பெங்களூரு சட்டை போட்டுக்கொண்டு போனான். சத்யா கூப்பிட்டு மோர் கொடுத்தாள். "நம்ம வூட்டு மோரக் குடிச்சாவது புத்தி வரட்டும்" என்றாள்.

தம்பி

சிதம்பரம்
16-6-2025

அன்புத் தம்பிக்கு,

இரண்டு தாளும் கிடைத்தன. 4,950 ஆகிறது. கால் வீக்கம் வற்றிவிட்டது.

சென்னையைப் பற்றி என்ன எழுத? எல்லோரும் வயதைக் குறை சொல்கிறார்கள். வயது இல்லை, முதல் ஆறு ஓவர்தான் குறை. தொடக்கம் கழன்றால் பின்னால் வருகிறவன் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் அடைக்க முடியாது.

சத்யாவைக் கேட்டதாகச் சொல்.

அக்கா

கடலூர்
14-7-2025

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நலம். போன கடிதம் ரொம்பச் சின்னதாக இருந்தது. உடம்புக்கு ஒன்றுமில்லையே?

நேற்று கம்மாபுரத்தோடு ஆட்டம். நான் 11. இந்த முறை விவரமாக எழுதுகிறேன். காலையில் நல்ல காற்று. அருண்பாண்டியன் பவுண்டரி ஓரத்தில் ஒரு கேட்சை விட்டான். எல்லோரும் கத்தினார்கள். ராபர்ட் கடைசி ஓவரில் எட்டு ரன்னைக் காத்தான். நான் அவுட்டாகி வந்து மரத்தடியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தேன். நல்ல ஆட்டம்.

வைடு கணக்கு சரியாக இருக்கிறதா பார்.

தம்பி

சிதம்பரம்
3-8-2025

தம்பி,

நலமாக இருக்கிறேன். நீயும் சத்யாவும் நலமென்று நம்புகிறேன். மூன்று வாரமாக எழுதி எழுதிக் கிழித்துப் போட்டேன்.

ஜூலை பதின்மூன்றாம் தேதி காலை நான் கடலூரில் இருந்தேன்.

ஐயாயிரம் ஆகட்டும் என்று சொன்னவள் நான்தான். அன்று விடிந்ததும் வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. அந்தப் புடவையையே உடுத்திக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். மஞ்சக்குப்பம் மைதானத்தின் ஓரத்தில் குடையைப் பிடித்து நின்றேன். ஆட்டம் மேல்பட்டாம்பாக்கத்தோடு. அருண்பாண்டியனோடு வேறு ஒரு பையன் தொடக்கம் ஆடினான். ராபர்ட் என்னைப் பார்த்துவிட்டு ஓடிவந்தான்.

"என்னாக்கா இங்க நிக்கிறீங்க? அண்ணன் மார்ச்சோட வர்றதில்லியே. ஒங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்பா. சும்மா பாக்கலாம்னு வந்தேன்."

"எங்களுக்குத்தாங்க்கா ஒன்னும் தெரியல. கேட்டா கடையில வேலைங்கறாரு."

அங்கிருந்து உன் கடைக்கு நடந்தேன். ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. உள்ளே நீ கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தாய். பாட்டில்லை, ஒரே கம்பியைத் திரும்பத் திரும்ப. கூப்பிட வாய் வரைக்கும் வந்தது. கூப்பிட்டால் உண்மையைச் சொல்லிவிடுவாய். சொல்லிவிட்டால் இனித் தாள் வராது. திரும்பி வந்து பஸ் ஏறிவிட்டேன். இரண்டு நாள் கழித்து, நீ 11 அடித்த தாள் வந்தது.

சொல்லப்போனால் ஜூனிலேயே எனக்குத் தெரியும். சராசரி பதினொன்று என்று நான் எழுதினேன். அதற்குப் பிறகு நீ அனுப்பியது மூன்று ஆட்டம், ஆறு இன்னிங்ஸ். ஆறிலும் வைடு சரியாகப் பதினொன்று. அடே, சராசரி என்றால் ஒவ்வொரு ஞாயிறும் தவறாமல் வந்து நிற்கும் என்றா நினைத்தாய்? ஒரு வாரம் நாலு வரும், ஒரு வாரம் இருபது வரும். எதிரணி ஸ்கோரர் கையெழுத்தும் உன் பேனாதான். ஏப்ரலிலிருந்து வந்ததையெல்லாம் பென்சிலில் ஏற்றி வைத்திருந்தேன். நேற்று அழித்துவிட்டேன். உன் மொத்தம் 4,931. ஐயாயிரத்துக்கு இன்னும் 69.

கோபமில்லை. இல்லாத ஆட்டத்தை எழுதுகிறவன் ஒரு சதம் அடித்துக்கொண்டு போயிருக்கலாம். நீ உனக்கு ஆறும் நாலும் போட்டுக்கொண்டாய். அதைப் பார்த்துத்தான் அழுகை வந்தது.

ஏன் நிறுத்தினாய்? அவர் போனதற்குப் பிறகு நீ எழுதிய கடிதங்களையெல்லாம் எடுத்துப் பார்த்தேன். ஒன்றில்கூட அவர் பேர் இல்லை. நானும் ஒரு கடிதத்தில் 'அவர்' என்று எழுதிவிட்டு ரன் கணக்குக்குள் போய்விட்டேன்.

தாள் வேண்டாம். வெள்ளைப் பேப்பரில் எழுது.

அக்கா

கடலூர்
21-8-2025

அன்புள்ள அக்காவுக்கு,

சத்யா நலம். நான் எப்படி இருக்கிறேன் என்று இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு நீயே சொல். இரண்டு பக்கமும் வெள்ளையாக இருக்கிற பேப்பரில் உனக்கு எழுதுவது இதுதான் முதல் தடவை. எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை.

மார்ச் 16-ல் பந்தை பாயிண்ட் பக்கம் தட்டிவிட்டு, "வா மாமா" என்று கத்திவிட்டேன். பத்தொன்பது வருடமாகக் கத்திய வாய். எதிரே நின்றது அருண்பாண்டியன். எதற்கெடுத்தாலும் கிண்டல் பண்ணுகிற பையன். அன்று அந்தக் கூப்பாட்டுக்கே ஓடிவந்து ரன்னை முடித்தான். நான் ஆடிய அடுத்த பந்தை வேண்டுமென்றே கேட்சாகத் தூக்கிக் கொடுத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். யாரும் என்னை அணியிலிருந்து தூக்கவில்லை அக்கா. நானேதான் போகவில்லை.

உன்னிடம் சொல்லத்தான் நினைத்தேன். ஞாயிறு மாலை நீளமாக இருக்கிறது, தாள் வந்தால் பரவாயில்லை என்று எழுதியிருந்தாயே. தாள் இல்லாமல் உனக்கு என்ன எழுதுவது என்றும் தெரியவில்லை. ஞாயிறு மதியம் கடையில் உட்கார்ந்து ஆட்டத்தை ஓவர் ஓவராக எழுதுவேன். எழுதும்போது ஆட்டம் உண்மையிலேயே நடப்பது மாதிரி இருக்கும். ஆனால் ஐயாயிரத்தை மட்டும் பொய்யாகத் தொட மனம் வரவில்லை. தொட்டால் நீ புடவை கட்டிக்கொண்டு வந்து நிற்பாய்.

இன்னொரு பொய்யும் இருக்கிறது. ஒரு வருடத்துக்கு முந்தினது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

மாமா கடைசியாக ஆடியது போன வருடம் ஜூலை 28. 38-ல் போல்டு என்று உன் நோட்டில் இருக்கும். போல்டு இல்லை. நான் ரன் அவுட் ஆக்கிவிட்டேன். இல்லாத ரன்னுக்கு "வா மாமா" என்று கூப்பிட்டு, அவர் பாதி தூரம் வந்ததும் "போ போ" என்றேன். அந்த வயசில் அவர் திரும்பி ஓடியது இன்னும் கண்ணில் நிற்கிறது. மரத்தடிக்கு வந்ததும் ஸ்கோரரிடமிருந்து பேனாவை வாங்கி ரன் அவுட்டை அடித்துவிட்டு போல்டு என்று எழுதினார். நீ கூட்டிப் பார்ப்பாய் என்று தெரியும், அதனால் மேல்பட்டாம்பாக்கம் பௌலர் கணக்கிலும் ஒரு விக்கெட்டைக் கூட்டிவிட்டார். அந்தப் பையன் ஒன்றும் புரியாமல், "சார், நான் எடுக்கலியே" என்றான். "வச்சிக்கப்பா, சும்மாதானே" என்றார்.

அப்புறம் என்னைப் பார்த்துச் சிரித்தார். "டேய் செம்பியா, ரன் அவுட்னு போனா ஒங்க அக்கா ஒரு வாரத்துக்கு ஒன்னத் திட்டுவா. என்னால காது குடுத்துக் கேக்க முடியாது. போல்டுன்னா என்ன மட்டும்தான் திட்டுவா, அதுவும் ஒரு நாளுதான்."

செப்டம்பரில் அவர் போய்விட்டார். அவருடைய கடைசி இன்னிங்ஸை முடித்தது நான்தான் அக்கா. அவர் பேரை எப்படி எழுதுவேன்?

செம்பியன்

சிதம்பரம்
26-8-2025

அடே செம்பியா,

நான் நலமாக இல்லை. கொதித்துப் போயிருக்கிறேன்.

முப்பத்தெட்டில் நின்று ஆடிக்கொண்டிருந்த மனுஷனை இல்லாத ரன்னுக்குக் கூப்பிட்டாயே, அறிவு இருக்கிறதா உனக்கு? பந்து போன பக்கம் ஆள் நிற்பதைப் பார்த்தாயா, பார்க்காமலே அடித்தாயா? கூப்பிட்டவன் ஓட வேண்டாமா? ஐம்பது வயது ஆளைப் பாதி வழியில் வைத்து "போ போ" என்பாயா? இருபது வருடம் சேர்ந்து ஆடியவனுக்கு அவர் முட்டி எப்படிப்பட்டது என்று தெரியாதா? பன்னிரண்டு ரன் இருந்தால் ஐம்பது. அவர் ஐம்பது அடித்து நாலு வருடமாகியிருந்தது. கிட்டார் கம்பியில் செலுத்துகிற கவனத்தில் பத்தில் ஒரு பங்கை எதிர்முனையில் நிற்கிற ஆள் மேல் வைத்திருந்தால் என்ன குறைந்துபோயிருப்பாய்?

அவர் சொன்னது பொய். போல்டு என்று வந்து நின்றவரை நான் மூன்று நாள் திட்டினேன். "காலை நகத்தாம நின்னா ஸ்டம்பு பறக்காம என்னா பண்ணும்?" என்று கேட்டேன். சோற்றைப் பிசைந்துகொண்டு, எனக்குத் தெரியாதென்று நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார். எதற்குச் சிரிக்கிறார் என்று அன்றைக்குப் புரியவில்லை.

அவருடைய இன்னிங்ஸை நீ முடிக்கவில்லை. அன்று மாலை வீட்டுக்கு வந்து, குளித்துவிட்டு, நாலு இட்லி சாப்பிட்டு, அடுத்த ஞாயிறு யார் யாரோடு ஆட்டம் என்று பேசிக்கொண்டு படுத்தவர் அவர். அதற்குப் பிறகு ஆடத்தான் அமையவில்லை, ஆனாலும் நாற்பத்தோரு நாள் இருந்தார். அந்த நாற்பத்தொன்றில் ஒரு நாள்கூட உன்னைக் குறை சொன்னதில்லை. அதை நான் உனக்கு எழுதியிருக்க வேண்டும். எழுதாதது என் தப்பு.

நோட்டைத் திருத்திவிட்டேன். போல்டு என்பதை அடித்துவிட்டு ரன் அவுட் என்று மையால் எழுதினேன். மேல்பட்டாம்பாக்கத்துப் பையனின் இலவச விக்கெட்டும் போயிற்று. உன் 4,931 அங்கேயே நிற்கட்டும். நீ போய் ஆடினால் ஏறும், ஆடாவிட்டால் நிற்கும். எதுவானாலும் எனக்குச் சம்மதம்.

நாளை பிள்ளையார் சதுர்த்தி. அதை முடித்துக்கொண்டு ஞாயிறு காலை பஸ்ஸில் வருகிறேன். சத்யாவிடம் நல்ல வவ்வால் மீனாக வாங்கி வைக்கச் சொல். அருண்பாண்டியனையும் ராபர்ட்டையும் சாப்பிடக் கூப்பிடு. அவர்களுக்கும் அவரைப் பற்றிச் சொல்ல ஏதாவது இருக்கும். உனக்கும் இருக்கும். நான் திட்டிக்கொண்டேதான் இருப்பேன், நீ பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே இரு.

இப்படிக்கு,
ஒரு வாரம் என்று அவர் சொன்னதில் இது முதல் நாள்,
அக்கா